ராணுவத்தில் பாலியல் புகார்: உங்களுக்கு நடந்ததை, பார்த்ததைச் சொல்லுங்கள்

முன்னாள் கேப்டன், ஆலந்தூர்:

பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்து, ஷார்ட் சர்வீஸில் (குறுகிய காலப் பணி) இருந்துவிட்டு வெளியே வந்தவள் நான். எந்த யூனிட் என்று சொல்லப்போவதில்லை. என் ஜூனியர் ஒருத்தியிடம், மெஸ் பார்ட்டி முடிந்து திரும்பும்போது ஒரு மேஜர் அத்துமீறினார். காலையில் யூனிட்டின் தலைமை அதிகாரியான சி.ஓ.விடம் போனாள். அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, "யூனிட் பேர் கெட்டுடும் பேட்டா, நான் பார்த்துக்கறேன்" என்றார். அவளுக்கும் அந்த மேஜருக்கும், பதவி உயர்வைத் தீர்மானிக்கும் ஆண்டு ரகசிய அறிக்கை எழுதுவது அதே சி.ஓ. அப்புறம் விசாரிக்க உட்கார்ந்தவர்களும் அதே மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள். யார் வாயைத் திறப்பார்கள்?

சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் சிவிலியன் என்றால், 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 70ஆம் பிரிவுப்படி, போர்ப் பணி, வெளிநாடு, எல்லைச் சாவடி தவிர மற்ற இடங்களில் பாலியல் வன்கொடுமை வழக்கை ராணுவ நீதிமன்றம் எடுக்க முடியாது. பாதிக்கப்பட்டவளும் சீருடையில் இருந்தால் எடுக்கலாம். ராணுவ நீதிமன்றமா, சாதாரண நீதிமன்றமா என்பதை 125ஆம் பிரிவு ராணுவ மேலதிகாரியின் விருப்பத்துக்கு விடுகிறது. விமானப்படைச் சட்டமும் இப்படித்தான். 2021இல் கோவையில் ஒரு விமானப்படைப் பெண் அதிகாரி மகளிர் காவல் நிலையம் வரை போனார். போலீஸ் கைதும் செய்தது. கடைசியில் குற்றம் சாட்டப்பட்டவர் ராணுவ நீதிமன்ற விசாரணைக்காக விமானப்படையிடமே ஒப்படைக்கப்பட்டார். விமானப்படை மருத்துவமனையில் விரலை நுழைத்துச் சோதித்தார்கள் என்று அந்தப் பெண் சொன்னது இன்னும் மனசை அறுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2013லேயே கண்டித்த சோதனை அது.

அமெரிக்காவில் பாலியல் தொல்லைக்கு ஆளான வனெசா கியென் என்ற ராணுவ வீராங்கனை 2020இல் கொல்லப்பட்ட பிறகு எழுந்த கோபத்தில் சட்டம் மாறியது. 2023 டிசம்பர் முதல், இப்படிப்பட்ட வழக்குகளைத் தொடர்வதா என்று முடிவெடுப்பது கமாண்டர் இல்லை, தனி ராணுவ வழக்கறிஞர்கள். நமக்கும் இதுதான் வேண்டும்.

ஓய்வுபெற்ற ராணுவ நர்ஸ், பல்லாவரம்:

கேப்டன் மேடம் சொன்னது சரி. நான் பார்த்த வரைக்கும் சம்பவம் நடந்த ராத்திரியே தடயம் போய்விடுகிறது. ஒரு பெண் சிப்பாய் உடைகளை மொத்தமாகப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்து வந்தாள். ஈரம் உள்ளேயே நின்றால் கறை கெட்டுவிடும். காற்றில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்து வாங்கினோம். குளிக்காமல் வந்திருந்தாள், அதுவே பெரிய விஷயம். அவளைக் கூட்டி வந்தது ஒரு ஹவில்தார். "என் பொண்ணு வயசும்மா" என்று வராந்தாவிலேயே விடியும்வரை நின்றார்.

வழக்கறிஞர், தாம்பரம்:

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட யாருடைய அனுமதியும் வேண்டாம். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் பதிய வேண்டும், மறுப்பது குற்றம். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தனியார் மருத்துவமனையானாலும் சிகிச்சை இலவசம். கூட வர ஆள் இல்லையென்றால் பெண்கள் உதவி எண் 181க்குப் போன் பண்ணுங்கள்.