பாண்டூன் படகுக்கு நீங்களே அடித்தகடு போட்டீர்களா? என்ன நடந்தது, சொல்லுங்கள்

ஏரிக்கரை (லேனியர் ஏரி, ஜார்ஜியா)

மூன்று வாரமாகியும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் படகு 22 அடி, மிதக்க இரண்டு உள்ளீடற்ற அலுமினியக் குழாய், அவற்றின்மேல் தட்டையான டெக், 90 குதிரைத்திறன். டெக்குக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் திறந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை லேனியரில் எவ்வளவு அலை என்று போனவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அலையும் அந்தச் சட்டங்களில் அறைந்து, படகைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். மே மாதம் நானே டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து, 0.025 அங்குல அலுமினியத் தகட்டை வரிசையாக அடித்தேன். முதல் இரண்டு ஓட்டம் அருமை. தெறிப்பு நின்றது, அறைச்சல் நின்றது.

மூன்றாவது ஓட்டத்தில் 20 மைல் வேகம் இருக்கும். கீழே படபடவென்று அடித்தது. அடுத்த நொடி டின் மூடியைக் கிழிப்பதுபோல் நீளமாக ஒரு சத்தம். சுவரில் மோதியதுபோல் படகு நின்றது. முன்தகடு கழன்று கீழே மடங்கி, தண்ணீரை முறம்போல் அள்ளிக்கொண்டது. ஒன்பது வயது மகள் சீட்டிலிருந்து சறுக்கி முன்கேட்டில் போய் இடித்தாள். கேட்டின் தாழ்ப்பாள் தாங்கியது. என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத தாழ்ப்பாள். அது விட்டிருந்தால் அவள் படகுக்கு முன்னால் தண்ணீரில் விழுந்திருப்பாள், பின்னால் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருந்தது.

தோளில் காயம் ஆறிவிட்டது. அவள் மறுபடி படகில் ஏறியும்விட்டாள். எனக்குத்தான் இன்னும் கை வரவில்லை. வேறு யாருக்காவது இப்படித் தகடு உரிந்ததா?

டெக்சோமா வாசி (டெக்சஸ்)

உரியவில்லை. எனக்கு நடந்தது வேறு.

ஒன்றரை அங்குல ஸ்க்ரூ. சட்டத்துக்குள் ஏறியதும் நின்றிருக்க வேண்டும். சட்டத்தின் உதட்டுக்கு மேலே பெட்ரோல் ஹோஸ் ஓடுவதை நான் பார்க்கவில்லை. குத்திய ஸ்க்ரூவே ஓட்டையை அடைத்துக்கொண்டதால் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. அதிர்வில் ஸ்க்ரூ தளர்ந்த பிறகுதான் வினை.

நடு ஏரியில் நங்கூரம் போட்டுவிட்டு, பின்பக்கம் சின்ன கிரில்லில் கோழி வைத்திருந்தோம். கிளம்பலாம் என்று பிரைமர் பல்பை, அதாவது எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் உருண்டையை, அழுத்தினேன். அது இறுகவே இல்லை. அழுத்த அழுத்த மெத்தென்று உள்ளே போனது. அப்போது மனைவி, "என்னங்க, தண்ணியப் பாருங்க" என்றாள். படகுக்குப் பின்னால் வெயிலில் வானவில் நிறத்தில் ஒரு படலம் விரிந்துகொண்டிருந்தது. ஹோஸிலிருந்து கசிந்த பெட்ரோல் நான் போட்ட தகட்டின் மேல் தேங்கி, பின்பக்கமாக வழிந்திருக்கிறது. தகடு இல்லாதிருந்தால் அன்றைக்கே சொட்டிக் காட்டிக் கொடுத்திருக்கும்.

கிரில்லை அணைத்த கை அரை மணி நேரம் நடுங்கியது. எஞ்சினைத் தொடவில்லை. வேறொரு படகு எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது.

நார்மன் கரையோரம் (வட கரோலினா)

ஏரிக்கரை, ஒன்று கேட்கிறேன். முதல் தகட்டை எங்கே அடித்தீர்கள், முன்னாலா, பின்னாலா? முன்னால் தொடங்கி, அடுத்த தகட்டை அதற்குக் கீழே ஏற்றி ஒட்டிக்கொண்டே போயிருந்தால், ஒவ்வொரு இணைப்பின் வாயும் தண்ணீர் வரும் பக்கம் பார்த்து நிற்கும். அது பிய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 0.025 மெல்லிசு என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு நடந்ததற்குத் தடிமன் மட்டும் காரணமில்லை.

எனக்கு இது தெரிந்தது என் மாமனாரால். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவர். போன வருஷம் ஆறு மாசத்துக்கு இங்கே வந்திருந்தார். நான் படகுக்கு அடியில் முதல் தகட்டைத் தூக்கிப் பிடித்தபோது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். "மாப்பிள்ளை, நிறுத்துங்க. ஓடு வேயற மாதிரிதானுங்க இது. தண்ணி வர்ற பக்கம் வாய் இருக்கக்கூடாதுங்க" என்றார். பிறகு பின்கோடியிலிருந்து தொடங்க வைத்தார். பின்தகட்டுக்குக் கீழே அடுத்த முன்தகடு, இரண்டு அங்குலம் ஏற்றம்.

எனக்கு மறக்காதது அவர் ரிவெட் அடிக்குமுன் செய்த காரியம். ஒவ்வொரு தகட்டையும் நாலு மூலையில் மட்டும் பிடித்துவிட்டு, விரல் மடக்கால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். மண்பானை வாங்குகிறவர் தட்டுவதுபோல். டம் என்று கேட்கும் இடத்தில் எல்லாம் மார்க்கர் புள்ளி வைத்தார். "இங்க தகடு சட்டத்துல உக்காரலீங்க. அப்படியே அடிச்சா ஓடறப்ப துடிக்கும். துடிச்சா ஓட்டை பெருசாகும்." அந்தப் புள்ளிகளுக்கு நேரே ரப்பர் பட்டை சொருகி, தட்டிப் பார்த்து, சத்தம் அமுங்கிய பிறகுதான் ரிவெட் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். 72 வயது. இரண்டு நாள் என்னோடு சரளைக் கல்லில் படுத்துக் கிடந்தார்.

ஒரு சீசன் முழுக்க ஓட்டிவிட்டேன். ஒரு ரிவெட்கூட அசையவில்லை.

பத்தாயிரம் ஏரி (மினசோட்டா)

என் கதை சின்னது. அக்டோபரில் படகைக் கரையேற்றி, மூக்கைச் சற்றுத் தாழ்வாக நிறுத்திவிட்டேன். தகட்டுக்கு மேல் தங்கிய தண்ணீர் முன்பக்கம் சேர்ந்து உறைந்தது. ஏப்ரலில் தார்ப்பாயை விலக்கினால் தகடு கர்ப்பிணி வயிறுபோல் தொங்கியது, பதினோரு ஸ்க்ரூ தலையோடு பிய்ந்திருந்தன. அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதுகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். 1950களின் தொடக்கத்தில் எங்கள் மாநிலத்து ரிச்மண்ட் ஊரில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி இரும்பு பீப்பாய்களை வரிசையாக வெல்டு செய்து அதன்மேல் மரத்தளம் போட்டதிலிருந்து வந்தது இந்தப் படகு. அது வேகத்துக்குப் பிறந்ததே இல்லை. 90 குதிரைத்திறனில் இரண்டு குழாய்ப் படகுக்கு அடித்தகடு போட்டால் வேகம் ஒன்றிரண்டு மைல் கூடலாம், கூடாமலும் போகலாம். வேகம் வேண்டுமானால் குழாயின் பக்கவாட்டில் லிஃப்டிங் ஸ்ட்ரேக் என்ற நீளமான உலோக விளிம்பை வெல்டு செய்ய வேண்டும். அதுதான் குழாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கும்.

தகடு 5052 ரக அலுமினியமாக இருக்கட்டும், 0.040 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. 5 அடி அகலம், 18 அடி நீளத்துக்கு மொத்தமே 50 பவுண்டுதான் வரும், எடைக்குப் பயப்பட வேண்டாம். எஃகு ஊசி வைத்த ரிவெட் வாங்காதீர்கள், ஊசியும் அலுமினியமாக இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ என்றால் ஒவ்வொன்றுக்கும் அரிப்புத் தடுப்புப் பசை தடவுங்கள். டெக் ப்ளைவுட் செம்பு கலந்த மருந்து ஏற்றியதா என்று முதலில் பாருங்கள். அது ஈரத்தோடு அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சட்டத்தையே தின்றுவிடும். அடியை மூடினால் காற்றோட்டம் குறைந்து ஈரம் இன்னும் அதிக நேரம் நிற்கும். கடைசிச் சட்டத்துக்குப் பின்னால் மூடவே கூடாது, தண்ணீர் வழிய வழி வேண்டும். 2010-ல் மினெடோங்கா ஏரியிலும் வரிக்குதிரைச் சிப்பி வந்துவிட்டது, ஏரிக்கு ஏரி பரவி எதிலும் ஒட்டிக்கொள்ளும் அந்நியச் சிப்பி அது. இங்கே ஒரு படகு ஏரியை விட்டுக் கிளம்பும்போது எல்லாத் தண்ணீரையும் வடித்தாக வேண்டும். தகட்டுக்குள் ஒரு குவளை தங்கினாலும் அடுத்த ஏரிக்கு நாம்தான் சிப்பியைக் கொண்டு போகிறவர்கள். அப்புறம், சிப்பி ஒட்டக்கூடாது என்று செம்புப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் உண்டு. அலுமினியத்துக்கு அது விஷம்.

நார்மன் அவர்களே, உங்கள் மாமனாருக்கு என் வணக்கம். ஆனால் ரிவெட் தவறு. டெக்சோமா வாசிக்கு நடந்ததைப் படித்த பிறகுமா ரிவெட்? ஹோஸைப் பார்க்க வேண்டுமானால் எப்படிக் கழற்றுவீர்கள்?

ஏரிக்கரை

பத்தாயிரம் ஏரி, வேகத்துக்காகப் போட்டேன் என்று நான் எழுதவில்லையே. அம்மாவுக்கு இடுப்பு வலி. அலை அறையும்போது அவரால் உட்கார முடியவில்லை. அதற்காகத்தான் போட்டேன்.

நார்மன், ஆமாம், முன்னாலிருந்துதான் தொடங்கினேன்.

நார்மன் கரையோரம்

ரிவெட்டை டிரில் வைத்து எடுக்கலாம், பத்து நிமிஷ வேலை. பஸ்ஸில் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஸ்க்ரூ அதிர்வில் தளரும் என்பதற்கு டெக்சோமா வாசியின் ஸ்க்ரூவே சாட்சி.

டெக்சோமா வாசி

என் படகைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். ஹோஸ் போகும் பின்பக்கத் தகடு மட்டும் இப்போது ஸ்க்ரூ, மற்றது ரிவெட். அடிப்பதற்கு முன் ஹோஸையும் ஸ்டியரிங் கேபிளையும் ஒயரையும் டெக்கை ஒட்டித் தூக்கிக் கட்டிவிட்டேன். மாதம் ஒரு முறை படுத்து மோந்து பார்க்கிறேன்.

நுரைக்கோடு (மிச்சிகன், செயின்ட் கிளேர் ஏரி)

ஸ்ட்ரேக் வெல்டு செய்யச் சொன்னவருக்காக இதை எழுதுகிறேன்.

நான் ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்துச் செய்தேன். வேலை பார்வைக்குச் சுத்தம். வேகமும் கூடியது. இரண்டாவது வாரம் காலையில் காபியோடு போய் டெக்கில் உட்கார்ந்தேன். மகன் விட்டுப்போன பந்து மெதுவாக உருண்டு இடது கம்பியில் போய் நின்றது. எடுத்து நடுவில் வைத்தேன், மறுபடி இடதுக்கே போனது.

படகைத் தூக்கி, இடது குழாயின் பின்மூடியைத் திருகி எடுத்தால் தண்ணீர் நிற்காமல் கொட்டியது. மடித்து வைத்த கால் நனைந்து, நான் எழுந்து தள்ளி நின்ற பிறகும் கொட்டிக்கொண்டே இருந்தது. முழுக்க வடிந்த பிறகு சைக்கிள் பம்பால் 2 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காற்று ஏற்றினேன். கம்ப்ரெசரை நேராக மாட்டாதீர்கள், குழாய் வீங்கி மடிப்பு பிளந்துவிடும். வெல்டு நெடுகச் சோப்புத் தண்ணீர் தடவினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஸ்ட்ரேக்கின் முன்முனையில், வெல்டு தொடங்கும் இடத்தில், கடுகளவு குமிழி ஒன்று. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. கண்ணுக்கே தெரியாத ஓட்டை. குழாய்ச் சுவர் அந்த இடத்தில் சூட்டில் உருகியிருக்கிறது.

அந்தக் குமிழி ஒன்றன்பின் ஒன்றாக வந்ததை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அந்தக் குழாயை நம்பித்தான் குடும்பத்தோடு கரையே தெரியாத தூரம் போய்வந்திருந்தேன்.

பத்தாயிரம் ஏரி

நுரைக்கோடு, உள்ளே தடுப்பறைகள் இருக்குமே, எல்லா அறைக்கும் தனித்தனியாகச் சோதித்தீர்களா?

நுரைக்கோடு

முன்னறையிலும் பின்னறையிலும்தான். நடுவறைக்கு மூடி இல்லை. அதனால்தான் இன்னும் மனசு அடங்கவில்லை.

நார்மன் கரையோரம்

ஏரிக்கரை, நீங்கள் தனியாக அனுப்பிய கிழிந்த தகட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் மாமனாருக்கு அனுப்பினேன். கரூரில் விடிந்ததும் பதில் வந்தது. முன்விளிம்பில் ஸ்க்ரூ ஓட்டைகள் எல்லாம் நீள்வட்டமாக இழுபட்டிருக்கின்றனவாம். அதாவது பிய்வதற்கு முன் பல நாள் துடித்திருக்கிறது. முன்விளிம்பைத் தட்டையாக விட்டதுதான் பெரிய தவறு என்கிறார். அதை மேல்நோக்கி மடித்து, முதல் சட்டத்தின் முகத்தில் ஏற்றி, முன்னாலிருந்து அடிக்க வேண்டுமாம். தண்ணீர் தகட்டின் விளிம்பைப் பார்க்கவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்றும் கேட்டார்.

ஏரிக்கரை

நன்றாக இருக்கிறாள் என்று சொல்லுங்கள். மடிப்பு எத்தனை அங்குலம், வளைவு செங்குத்தா சரிவா, கேட்டுச் சொல்ல முடியுமா? 0.050 தகடு வாங்கி வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை படகைக் கட்டைமேல் ஏற்றுகிறேன்.