கேஸ் ஷீட் வைத்து இரண்டு பிரிவுகளை ஒப்பிட டி-டெஸ்ட் போதுமா?

கேள்வி: பிசியோ மாணவி
வணக்கம். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்து முதுநிலை ஆய்வு செய்கிறேன். அறுவை நடந்த அன்றே எழுந்து நடந்தவர்கள் ஒரு பிரிவு, மறுநாள் நடந்தவர்கள் இன்னொரு பிரிவு. அன்றே நடந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறார்கள். இரண்டு பிரிவுகளின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்டில் பி மதிப்பும் 0.05-க்குக் கீழே வந்துவிட்டது, அதாவது வித்தியாசம் வெறும் தற்செயல் போலத் தெரியவில்லை. ஆனால் கைடு, "நடந்ததால்தான் என்று எப்படிச் சொல்வாய்?" என்கிறார். இன்னும் ஷீட்டுகளைச் சேர்த்தால் சரியாகிவிடுமா?

பதில்: கணக்குப்பிள்ளை
ஆகாது. தப்பான விடை இன்னும் அழுத்தமாக வரும், அவ்வளவுதான். டெஸ்டை ஓரமாக வையுங்கள். ஒவ்வொருவரும் ஏன் அந்தப் பிரிவுக்குப் போனார்? வயது குறைந்தவர், வலி தாங்குபவர், தலைசுற்றல் இல்லாதவர், இவர்களைத்தானே அன்றே எழுப்பி நிற்க வைத்திருப்பார்கள்? அவர்கள் எப்படியும் சீக்கிரம் கிளம்பக்கூடியவர்கள்.

1986-இல் வந்த சிறுநீரகக் கல் ஆய்வைப் பாருங்கள். திறந்த அறுவையில் 350 பேரில் 273 பேருக்குப் பலன், அதாவது 78%. சிறு துளை வழியாகக் கல்லை எடுக்கும் முறையில் 350-க்கு 289, 83%. துளைதான் மேல் என்று தோன்றும். கல்லின் அளவு வாரியாகப் பிரித்தால் கதையே மாறுகிறது. சிறிய கல்லில் திறந்த அறுவை 93%, துளை 87%. பெரிய கல்லில் 73%, 69%. இரண்டிலும் திறந்த அறுவையே முன்னால்! பெரிய கல் இருந்த 343 பேரில் 263 பேரைத் திறந்த அறுவையின் தலையில் கட்டியிருந்தார்கள். மொத்தச் சதவீதம் இறங்கியது அதனால்தான்.

பதில்: பிசியோ மாணவி
அப்படியென்றால் வயது, எடை, சர்க்கரை எல்லாவற்றையும் ரிக்ரஷனில் (பல காரணிகளைச் சேர்த்துச் சரிசெய்து கணக்கிடும் முறை) போட்டுவிடவா?

பதில்: கணக்குப்பிள்ளை
போடுங்கள், புரொபென்சிட்டி ஸ்கோரும் (ஒருவர் அன்றே நடக்கும் பிரிவுக்குப் போக எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு) பார்க்கலாம். ஆனால் ஷீட்டில் ஏறாத ஒன்றை இரண்டுமே சரிசெய்யாது. 'ஆள் தெம்பாக இருக்கிறார்' என்று நர்ஸ் கண்ணால் பார்த்து முடிவெடுத்தது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? இன்னொன்று, முதல் நடைக்குப் பிறகு அளந்த வலியை மாடலில் சேர்க்காதீர்கள். அது நடந்ததன் விளைவாகவே இருக்கலாம்.

பதில்: வார்டு டாக்டர்
ஆபரேஷன் தியேட்டர் லிஸ்டைப் பார்த்தீர்களா? காலை முதல் கேஸ் என்றால் சாயங்காலத்துக்குள் நடக்க வைத்துவிடலாம். கடைசி கேஸ் வார்டுக்கு வரும்போது பிசியோ ஆளே கிளம்பியிருப்பார். அங்கே தெம்பைப் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை.

பதில்: கணக்குப்பிள்ளை
அருமையான பிடி! அப்படியானால் காலை கேஸ்களையும் கடைசி கேஸ்களையும் ஒப்பிடலாம். ஆனால் சர்க்கரை நோயாளிகளை லிஸ்டில் முதலில் வைக்கும் வழக்கம் உண்டே, அதனால் காலை, மாலை ஆட்களின் வயதும் சர்க்கரையும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். தங்கிய காலத்தை நாளாக எண்ணாமல் மணியாக எண்ணுங்கள். மாலையில் அறுவை முடிந்தவருக்கு முதல் நாளே அரை நாள்தான். அப்புறம் சராசரி வேண்டாம், மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) போதும். தொற்று வந்து வாரக்கணக்கில் படுத்திருந்த இரண்டு பேர் சராசரியை இழுத்துவிடுவார்கள்.

பதில்: பிசியோ மாணவி
நன்றி ஐயா, நன்றி டாக்டர். தியேட்டர் ரிஜிஸ்டர் தனியாக இருக்கிறது. அதற்கு எதிக்ஸ் கமிட்டியிடம் மறுபடி அனுமதி வாங்க வேண்டியிருக்குமா?

பதில்: வார்டு டாக்டர்
வாங்கிய அனுமதியில் கேஸ் ஷீட் மட்டும் இருந்தால் திருத்தம் போட்டுத்தான் ஆக வேண்டும். ரிஜிஸ்டரைத் தொடுவதற்கு முன்பே போடுங்கள்.