மண்ணில்லாம தண்ணித்தொட்டியில கீரை: உங்களுக்கு நடந்ததை எழுதுங்க

பாளை தட்டட்டி:
கிராட்கி முறைதான், அதாவது உரத்தண்ணிய ஒருக்க ஊத்தி விட்டுருதது, தண்ணி கொறையக் கொறைய மேல் வேரு காத்துல நிக்கும், மோட்டார் கெடையாது. 20 லிட்டர் பெயிண்ட் வாளி, வெளிச்சம் உள்ள போகாம கருப்பு அடிச்சு மேல வெள்ளை அடிச்சேன், மூடியில ஓட்ட போட்டு, வலை மாதிரி ஓட்ட உள்ள சின்ன நெட் பாட்டுல பாலக். இலை உள்ளங்கை அகலத்துக்கு வந்துட்டு, தண்ணி பாதிக்கு எறங்கி மேல் வேரெல்லாம் பஞ்சு மாதிரி முடி மொளச்சு காத்துல தொங்குது, அதான நமக்கு வேணும்? நான் வேலைக்குப் போன நேரம் எங்க ஆச்சி, தண்ணி கொறஞ்சு கெடக்கேன்னு மூடி தொடுத வரைக்கும் ஊத்திட்டா. மறுநா உச்சியில செடி தலையத் தொங்கப் போட்டுட்டு. ஆச்சி இலையத் தடவிக்கிட்டே "தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு ஏம்லே வாடுது?"ன்னு கேட்டா. காத்து குடிக்கிற வேரு முங்கிட்டு ஆச்சின்னு சொன்னேன், அவ மனசு ஒப்பவே இல்ல. அந்த மொகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்கி.

ராதாபுரம் பக்கம்:
எங்களுக்குத் தண்ணியே எதிரி. போர் தண்ணியில உரம் போடுததுக்கு முன்னாடியே கரைஞ்ச உப்ப அளக்க டிடிஎஸ் மீட்டர் ஆயிரத்தத் தாண்டிட்டு. நெட் பாட் விளிம்புல வெள்ளையா பூத்திருந்தத நகத்தால சுரண்டி நாக்குல வச்சேன், கரிச்சுது. எல ஓரமெல்லாம் கருகல். இப்ப ஐப்பசி மழையத்தான் டிரம்முல புடிச்சு வச்சு ஊத்துதேன்.

அம்பை:
பாளை அண்ணாச்சி, ஆச்சி மேல பழியப் போடாதீய, வெயிலப் பாருங்க. எனக்கு மே மாசம் மூடியத் தொறந்தா வேரு பழுப்பாகி கொழகொழன்னு, ஒரே நாத்தம். 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் நிக்கும், 30 டிகிரின்னா ஏழரைதான். அதனால வாளிய விட்டுட்டு மீன்கடை தெர்மாகோல் பெட்டிய வாங்குங்க, உள்ள கருப்பு பாலித்தீன் விரிங்க, மதியத்துக்கு மேல நெழல்ல வைங்க. தண்ணியோட பிஎச், அதான் புளிப்புத்தன்மை அளவு, 5.5ல இருந்து 6.5க்குள்ள நிக்கணும். இன்னொண்ணு, எல்லாரும் தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா உள்ள 19:19:19 உரம் போடுதீய, அதுல இருக்க தழைச்சத்துல பாதிக்கு மேல யூரியா, மண்ணுன்னா நுண்ணுயிர் அத மாத்திக் குடுக்கும், வெறுந்தண்ணியில யாரு மாத்துவா? அதுல கால்சியமும் கெடையாது. கால்சியம் நைட்ரேட் தனியா வாங்குங்க, ஆனா அதையும் எப்சம் உப்பையும் (மெக்னீசியம் சல்பேட்) கெட்டியா ஒரே பாட்டில்ல கலக்காதீய, ஜிப்சமா அடியில படிஞ்சிரும், செடிக்குக் கால்சியம் சரியாப் போகாது.

பாளை தட்டட்டி:
அண்ணாச்சி, இது நடந்தது பொங்கல் முடிஞ்ச வாரம். ஏது வெயிலு? ஆச்சிய நான் ஒண்ணுஞ் சொல்லல, முங்குன வேரத்தான் சொல்லுதேன்.

தென்காசி ரோடு:
கொசுவ ஒருத்தரும் பேசலியே? டெங்கு பாக்க வர்ற அக்கா எங்க வாளி ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சா, உள்ள புழு நெளியுது. கைப்புள்ள இருக்க வீடும்மான்னு சொல்லிட்டு அங்கனயே கவுத்திட்டா. பக்கத்துல மூணு வயசுப் புள்ள நிக்கான், எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு. நெட் பாட்டச் சுத்தி இடுக்கு இருந்தாலே போதும், கொசு உள்ள போயிரும், முட்ட பறக்கதுக்கு 10 நாள் கூட ஆகாது. இப்ப மூடிக்கு அடியில நைலான் வலையக் கட்டி, இடுக்குல ஸ்பான்ச் வச்சு அடச்சிருக்கேன்.