ஐப்பசியில் ஏற்காட்டுக்குச் சொந்தக் காரில்: வண்டியில் எதைப் பார்ப்பது, பையில் எதை வைப்பது?

சூரமங்கலத்துக்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பிறந்தது முதல் சேர்வராயன் மலையைப் பார்த்தபடியே வளர்ந்தவன் நான். ஆனாலும் இதுவரை ஏற்காட்டுக்குப் பேருந்தில் மட்டுமே சென்றிருக்கிறேன்; நானே வண்டி ஓட்டிக்கொண்டு ஏறியதில்லை. ஆவணி மாதத்தில் ஏழு ஆண்டு ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். கையால் கியர் மாற்றும் வண்டி. தீபாவளிக்கு அடுத்த வாரம் பெற்றோர், மனைவி, ஆறு வயது மகள் ஆகியோரை அழைத்துச் சென்று இரண்டு இரவுகள் மேலே தங்குவதற்கு அறை பதிவு செய்திருக்கிறோம்.

தந்தைக்கு எழுபத்தொரு வயது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மகளுக்குப் பேருந்தில் மூன்றாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும். வீட்டில் இப்போதே நான்கு பெட்டிகள் கட்டியாகிவிட்டன. ஒரு சிறிய கேஸ் அடுப்பையும் எடுத்துக்கொண்டு, கூரைமேல் கேரியர் பொருத்தலாம் என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. மழைக்காலம் என்பதால் எனக்கு உள்ளூரத் தயக்கம் இருக்கிறது. வண்டியில் எவற்றைச் சரிபார்க்க வேண்டும், எவற்றைக் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும், கோரிமேடு அடிவாரம் வழியாக ஏறிக் குப்பனூர் வழியாக இறங்கலாமா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மலைவண்டி ஓட்டியவர்:

தம்பி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாதையில் பயணிகளை ஏற்றி இறக்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பெட்டியைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஐப்பசி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும். காலை ஏழு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒன்பது மணிக்கு மேலே காபி குடிக்கலாம். திரும்பும் நாளிலும் மதிய உணவுக்காகக் காத்திருக்காமல் காலையிலேயே இறங்கிவிடுங்கள். கார்த்திகை நெருங்கும்போது ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மரங்கள் அடர்ந்த வளைவுகளில் அதற்கும் அரை மணி நேரம் முன்பே இருட்டிவிடும்.

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது வண்டி திணறுவதைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் அச்சப்பட வேண்டியது இறக்கத்தைத்தான். எந்த கியரில் ஒரு வளைவை ஏறினீர்களோ, அதே கியரில் அதை இறங்குங்கள். பெரும்பாலும் அது இரண்டாவது கியராக இருக்கும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். அப்படி வரும்போது முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. ஏழெட்டு வளைவுகளுக்குப் பிறகு கருகிய வாடை வரும், அதற்கடுத்து பெடல் பஞ்சு போல உள்ளே போகும். அந்த வாடை மூக்கில் பட்டவுடன் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. பேருந்து வளைவில் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும் என்பதால், எதிரே பேருந்தின் ஹாரன் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் சற்று முன்னதாகவே நின்றுவிடுங்கள். அப்படி ஏற்றத்தில் நின்ற வண்டியை ஹேண்ட் பிரேக்கின் துணையுடன் பின்னால் உருளாமல் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டருகே ஏதாவது ஓர் ஏற்றத்தில் பத்து முறை பழகிக்கொள்ளுங்கள்.

குப்பனூர் வழி வேண்டாம் என்பது என் கருத்து. நான் அறிந்தவரை அது அகலம் குறைந்த, ஆள் நடமாட்டமும் குறைந்த சாலை. காலையில் ஏறியபோது கண்ணில் பட்டு மனத்தில் பதிந்த வளைவுகளிலேயே இறங்குவது முதல் முறை ஓட்டுபவருக்கு நல்லது. பிரதான பாதை அடைபட்டால் மட்டும் குப்பனூரை நினையுங்கள்.

கூரை கேரியரும் வேண்டாம். ஐந்து பேர் அமர்ந்த வண்டியின் தலையில் பாரம் ஏற்றினால் வளைவில் அது சாயும் விதமே மாறிவிடும்.

கடைசியாக ஒரு மனக்குறை. வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கல்லை அப்படியே நடுச்சாலையில் விட்டுவிட்டுப் போகும் புண்ணியவான்கள் அதிகரித்துவிட்டார்கள். இருட்டில் இருசக்கர வாகனத்தில் வருபவர் அதில் ஏறினால் என்ன ஆகும்? கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஐந்து ரோடு பட்டறை:

மேலே ஐயா கூறிய பஞ்சு பெடலுக்குப் பட்டறைக்காரன் என்ற முறையில் விளக்கம் தருகிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்குகிறது. தொடர்ந்து பிரேக்கை மிதிக்கும்போது உண்டாகும் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிக் குழாய்க்குள் குமிழ்களாக நிற்கும். திரவத்தைப் போலன்றி ஆவி அழுத்தினால் சுருங்கிவிடும் என்பதால், கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்தைச் சென்று சேர்வதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த ஆயிலை மாற்ற வேண்டும் என்பது பொதுவான அளவு. உங்களுடையது கைமாறி வந்த வண்டி. முந்தைய உரிமையாளர் மாற்றினாரா என்று கேட்டுக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். அதே நேரத்தில் பிரேக் பேட் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதையும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ.; டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயரில் மழைச் சாலையில் ஓட்டக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பள்ளம் ஆழமாக இருந்தாலும் வயதான டயரின் ரப்பர் இறுகி ஈரச் சாலையில் பிடிப்பை இழந்துவிடும். காற்றின் அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். ஐந்து பேருக்கு எவ்வளவு என்று பார்த்து, டயர் சூடாவதற்கு முன் நிரப்புங்கள்.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள் என்று சொன்னால் அனைவரும் தலையாட்டுகிறார்கள். திறந்து பார்ப்பவர்கள் சிலரே. என் பங்குக்கு நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். சொந்த வண்டி பஞ்சராகி ஸ்டெப்னியை எடுத்தால், அதில் காற்றே இல்லை. ஊரார் வண்டியையெல்லாம் பார்ப்பவனுக்குத் தன் வண்டியைப் பார்க்க நேரமில்லை என்று வீட்டில் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், முக்கோண எச்சரிக்கைப் பலகை, பேட்டரி போட்ட டார்ச் ஆகிய நான்கும் பெட்டிகளுக்கு அடியில் புதையாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வைப்பர் ரப்பர் வெயிலில் விறைத்திருக்கும், புதிதாகப் போடுங்கள். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடியை நோக்கித் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும்.

தோட்டத்து வீடு:

நான் மேலேயே காபித் தோட்டத்தில் வசிப்பவள். பள்ளிப் புத்தகத்தில் படித்த இலையுதிர்காலத்தை நினைத்துக்கொண்டு வருபவர்கள் இங்கு ஏமாறுவார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் நம் முன்னோர் கணக்கில் கூதிர்காலம். காற்றும் சாரலும் சேர்ந்தே வரும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் நகரத்தைவிட இங்கு ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். ஆயினும் விருந்தினர்கள் தடித்த ஸ்வெட்டரை மட்டும் கொண்டுவந்து அதை முதல் சாரலிலேயே நனைத்துக்கொண்டு, மீதி இரண்டு நாளும் அடுப்படியில் உலர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய ஸ்வெட்டரும் அதன்மேல் போட மழைக்கோட்டும் போதும். குடை இந்தக் காற்றுக்கு நிற்காது. காலுறை மட்டும் ஆளுக்கு மூன்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தினால் ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். நான்கு பக்க விளக்குகளையும் மின்னவிட்டபடி ஓட்டுவது தவறு. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடும். மாலையில் காட்டெருமை குறுக்கிட்டால் ஹாரன் அடிக்காமல், தூரத்திலேயே நிறுத்தி அது கடக்கும்வரை பொறுத்திருங்கள்.

மழை விட்டதும் பாதை பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பல நாள் நீரைக் குடித்த மண் வெயிலடிக்கும் நாளிலும் சரியும். தெளிவாக வழிந்துகொண்டிருந்த ஓடை நீர் திடீரெனச் செம்மண் நிறமாகக் கலங்கினாலும், சாலையில் புதிதாகச் சிறு கற்கள் உதிர்ந்து கிடந்தாலும் அந்த இடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நாங்கள் கடற்கரைக்காரர்களுக்காகத்தான் கவலைப்பட்டோம். அடுத்தடுத்த நாட்களில் பெய்த மழையில் எங்கள் மலைப்பாதையே மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எனவே கிளம்பும் முன்தினம் சென்னை வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். சேலத்துக்கு ஆரஞ்சு நிறம் போட்டிருந்தால் அறை முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று நாளை மாற்றுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

தந்தையின் மாத்திரைகளை இரண்டு நாளுக்கு அல்ல, ஐந்து நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பாதை அடைபட்டால் மேலேயே தங்க நேரிடும். மருத்துவரின் சீட்டும் அதே பையில் இருக்கட்டும். அதிகாலைப் பயணம் என்று வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட வைத்து, தாழ்சர்க்கரைக்காகச் சட்டைப் பையிலேயே சிறிது சர்க்கரை வைத்துவிடுங்கள்.

குழந்தைக்குப் பூரி, பால் இரண்டையும் அன்று தவிர்த்துவிடுங்கள். பின்னிருக்கையின் நடுவில், பெல்ட் போட்டு, எதிரே சாலை தெரியும்படி அமர்த்துங்கள்; கைபேசியைக் கையில் கொடுக்காமல் வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருப்பது இதற்கு உதவும். வாந்தித் தடுப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். அது தூக்கம் தரும் என்பதால் வண்டி ஓட்டுபவர் தொடவே கூடாது. பாலித்தீன் பைக்குப் பதிலாக இறுக மூடும் பழைய டப்பா ஒன்றும், ஈரத்துணியும், எலுமிச்சம்பழமும் போதும். அவசரத்துக்கு 108 என்பதைச் சிறுமிக்கும் சொல்லி வையுங்கள். கேஸ் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்; சிலிண்டரோடு மூடிய காரில் ஐந்து பேர் பயணம் செய்வது தேவையற்ற வேலை.

சூரமங்கலத்துக்காரன்:

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை டிக்கியைக் காலி செய்து பார்த்தேன். நான்கு டயர்களும் முந்தைய உரிமையாளரால் மாற்றப்பட்டவை, நல்ல நிலையில் உள்ளன. ஸ்டெப்னியில் மட்டும் 0818 என்றிருக்கிறது. விரலை வைத்து அழுத்தினால் விளிம்பில் மயிரிழை விரிசல்கள் தெரிகின்றன. ஜாக்கி இருக்கிறது, அதைச் சுழற்றும் கம்பியைக் காணவில்லை. வரும் சனிக்கிழமை பட்டறைக்குச் செல்கிறேன். கேரியர் யோசனை கைவிடப்பட்டது, நான்கு பெட்டிகள் இரண்டாகியுள்ளன. அடுப்பு குறித்து மட்டும் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. ஐயா, ஏற்றத்தில் வண்டியை எடுக்கப் பழகியபோது ஆறு முறை என்ஜின் நின்றுவிட்டது, இது இயல்புதானா?

மலைவண்டி ஓட்டியவர்:

இயல்புதான், தம்பி. கிளட்சை விடும் வேகம் அதிகம். என்ஜின் ஒலி சற்றுத் தணிந்து முன்பக்கம் லேசாகத் தூக்கும் இடம் ஒன்று வரும். காலை அங்கேயே நிறுத்தி, ஆக்சிலேட்டரைச் சிறிது கொடுத்து, அதன் பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டும் ஒருமுறை பழகிப் பாருங்கள், பாரம் கூடினால் அந்த இடமும் சற்று மாறும்.