செவர்லே சி10 பிக்கப்பைத் தாழ்த்த ஆலோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. 1972 செவர்லே சி10 பிக்கப்பை முன்னால் 4 அங்குலம், பின்னால் 6 அங்குலம் தாழ்த்த நினைக்கிறேன். பார்க்க அழகாக இருக்க வேண்டும், ஆனால் ஓட்டுவதில் கோளாறு வரக்கூடாது. அதுதான் எனக்கு முக்கியம்.

முன்பக்க ஸ்பிரிங்கை வெட்டும் எண்ணமே இல்லை. டிராப் ஸ்பின்டில் (சக்கரம் மாட்டும் அச்சு வழக்கத்தைவிட மேலே இருக்கும் பாகம்) போட்டால் கண்ட்ரோல் ஆர்மின் (சக்கரப் பகுதியை ஃபிரேமோடு இணைக்கும் கை) கோணம் மாறாது, சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் தூரமும் குறையாது. அதனால் பெரும்பகுதியை அதில் எடுத்துக்கொண்டு, மீதிக்குக் குட்டையான ஸ்பிரிங் போடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

குழப்பமெல்லாம் பின்பக்கம்தான். என் வண்டியில் லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) இல்லை. டிரெய்லிங் ஆர்மும் (ஆக்சிலிலிருந்து முன்னோக்கிப் போய் ஃபிரேமில் சேரும் நீளமான கை) காயில் ஸ்பிரிங்கும்தான் (சுருள் ஸ்பிரிங்). தாழ்த்தினால் பான்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் ஆடாமல் பிடித்திருக்கும் கம்பி) ஆக்சிலை ஒரு பக்கமாக நகர்த்திவிடும். நீளத்தைச் சரிசெய்யக்கூடிய ராடு மட்டும் போதுமா, பிராக்கெட்டையும் மாற்ற வேண்டுமா? ஃபிரேமில் சி-நாட்ச் (ஆக்சில் மேலே வர இடம் விடும் சி வடிவ வெட்டு) வெட்டாமல் 6 அங்குலம் இறக்கியவர்கள் யாராவது உண்டா? பாரம் ஏற்றிப் பள்ளத்தில் இறங்கும்போது ஆக்சில் ஃபிரேமில் இடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம், குட்டையான ஷாக் அப்சார்பர் போட்டால் போதுமா, அதன் இடத்தையே மாற்ற வேண்டுமா? பினியன் கோணத்தை (பின் ஆக்சிலில் டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் தண்டின் சாய்வு) எப்போது அளப்பது?

இதைச் செய்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பின்பக்க வேலையின் படம் இருந்தால் அதையும் போடுங்கள்.