முன்கதையை முதலில் படித்துக் கெட்ட கதை

நமக்குப் பிடித்த விஞ்ஞானக் கதைத் தொடரை எழுதியவரே பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து, அதற்கு முன்கதை எழுதினால் அதைப் படிப்பது எப்படி இருந்தது? அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள். என்னுடையதில் தொடங்குகிறேன். கொஞ்சம் அசட்டுக் கதைதான்.

ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையில் எனக்கு முதலில் கிடைத்தது 1988ல் வந்த ‘ப்ரிலூட் டு ஃபவுண்டேஷன்’. ஆசிரியர் குறிப்பில் அவரே ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். எழுதிய வரிசை இல்லை, கதை நடக்கும் கால வரிசை. அதில் இந்த நாவல் ‘ஃபவுண்டேஷ’னுக்கு முன்னால் இருந்தது. சரி, முறைப்படி முதலிலிருந்தே போவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். அதே பட்டியலில் இதற்கும் மேலே ரோபோ நாவல்கள் வரிசையாக நின்றதைக் கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை.

நாவலின் முடிவில் ஒருவர் உண்மையில் யார் என்பது வெளிப்படுகிறது. (யாரென்று சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.) அந்த ரோபோ நாவல்களை முன்பே படித்திருந்த பழைய வாசகர்கள் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்திருப்பார்கள். நான் “யாருப்பா இது?” என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அவ்வளவுதான், எத்தனையோ வருஷம் சேர்த்துவைத்த வெடி எனக்கு நமுத்துப் போய்விட்டது.

இன்னொன்றும் கெட்டது. தொடருக்கே அச்சாணியான கணித மேதை ஹாரி செல்டன், மூல நாவலில் பெரும்பாலும் ஆளே இல்லை. செத்துப்போன பிறகு, பதிவு செய்து வைத்த பிம்பமாக நாற்காலியில் உட்கார்ந்தபடி தோன்றி, நடக்கப்போவதைச் சொல்லிவிட்டு மறைவார். அவரை ஒரு தெய்வ வாக்கு மாதிரி பார்த்துவிட்டு முன்கதைக்கு வருபவருக்குத்தான், தலைநகர் கிரகத்தில் துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி ஓடும் 32 வயதுக் கணக்கு வாத்தியார் வேடிக்கையாகவும் பாவமாகவும் இருப்பார். எனக்கு அவர் யாரோ ஒரு இளைஞர். மனிதக் கூட்டத்தின் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவருடைய உளவரலாறு. ‘உளவரலாறு என்பது கொள்கையளவில் சாத்தியம், நடைமுறைக்கு ஆகாது’ என்று அவரே சொல்லும்போது நான் நம்பித் தொலைத்தேன்!

அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிந்தது. முதல் கதை பத்திரிகையில் வந்தது 1942ல், அசிமோவுக்கு 22 வயதில். அந்தப் பத்திரிகைக் கதைகள் சேர்ந்து 1951ல் நூலானபோது, செல்டன் உயிரோடு வரும் தொடக்கப் பகுதியைப் புதிதாக எழுதிச் சேர்த்திருக்கிறார். ஆக, புத்தகத்தில் முதலில் இருப்பதே பின்னால் எழுதிய ஒரு குட்டி முன்கதை. மனிதருக்கு இந்தப் பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

* * *

நீங்கள் பட்டது நான் படவில்லை, ஆனால் எனக்கு வேறு விதமாக விழுந்தது. ‘ஹங்கர் கேம்ஸ்’ இரண்டாம் நூலில் காட்னிஸும் பீட்டாவும் பழைய ஒளிப்பதிவு ஒன்றைப் பார்ப்பார்கள், நினைவிருக்கிறதா? ஆட்சியாளர்கள் பிள்ளைகளைச் சாகும்வரை மோதவிட்டு ஊருக்கே ஒளிபரப்பும் போட்டி அது. இவர்களுக்கு வழிகாட்டியாக வரும் குடிகாரர் ஹேமிட்ச் 16 வயதில் ஜெயித்த 50ஆவது போட்டி. நானும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன், நம்பினேன். சூசன் காலின்ஸ் 2025ல் அதே போட்டியை முழு நாவலாக எழுதினார். முடிவு தெரிந்த கதைதானே, இதில் என்ன இருக்கப்போகிறது என்று அசிரத்தையாகத்தான் எடுத்தேன்.

முடிவு தெரியும். நடந்தது தெரியாது. நாம் பார்த்த பதிவு ஆட்சியாளர்கள் வெட்டி ஒட்டியது! வேண்டாததை எடுத்துவிட்டு, மிச்சத்தை வேறு கதையாகக் கோத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் நானும் அவர்களுடைய பிரச்சாரத்தைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன் என்று புரிந்தபோது நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அன்றிரவே இரண்டாம் நூலை எடுத்து அந்தப் பக்கங்களைத் தேடிப் படித்தேன். அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் அது வேறு காட்சி. குடிகாரர் என்று நான் சிரித்த இடங்களில் இப்போது சிரிப்பு வரவில்லை.

* * *

எல்லா முன்கதைக்கும் இப்படிக் கைதட்ட என்னால் முடியாது. ‘ட்யூன்’ நாவலில் சிந்திக்கும் இயந்திரங்களுக்கு எதிராக முன்னொரு காலத்தில் நடந்த பெரும் போர் சில வரிகளில் மட்டும் வரும். அந்தச் சில வரிகளை வைத்து என் தலைக்குள் ஒரு போரே நடந்துகொண்டிருந்தது. ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1986ல் காலமானார். அவருடைய மகனும் இன்னொரு எழுத்தாளரும் சேர்ந்து 2002ல் அந்தப் போரையே நாவலாக்கினார்கள். படித்தேன். என் போர் நின்றுபோனது. ஆசிரியரே திரும்பி வருவது வேறு, இது வேறு என்று சொல்வீர்கள். இருக்கலாம்.

* * *

அதற்கு நேரெதிராக ஒன்று சொல்கிறேன். வெர்னர் விஞ்சி 1992ல் எழுதிய ‘எ ஃபயர் அபான் த டீப்’ நாவலில் விண்மீன் மண்டலமே அடுக்கடுக்காக இருக்கும். உள்ளே போகப்போக அறிவு மந்தமாகும், வெளியே வந்தால்தான் ஒளியை மிஞ்சும் பயணமும் மனிதனை மிஞ்சும் இயந்திர மூளையும் சாத்தியம். ஏழு வருஷம் கழித்து, அதற்குப் பல ஆயிரம் ஆண்டு முன்னால் நடப்பதாக ‘எ டீப்னெஸ் இன் த ஸ்கை’ எழுதினார். கதை முழுக்க மந்தமான அடுக்கில் நடக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு அடுக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாது. மேற்சொன்ன கனவுகளெல்லாம் ஏன் திரும்பத் திரும்பத் தோற்கின்றன என்று தலைமுறை தலைமுறையாகக் குழம்புகிறார்கள்.

முதல் நூலைப் படித்த நமக்குக் காரணம் தெரியும். ஆசிரியர் கடைசிவரை வாய் திறப்பதில்லை. கதையின் முக்கியப் பாத்திரமான ஃபாம் நுவென் ஏதோ திட்டம் போடும்போதெல்லாம் ‘ஐயா, தவறு உங்கள் மேல் இல்லை, நீங்கள் இருக்கும் இடத்தின் மேல்’ என்று கத்த வேண்டும்போல் இருந்தது. முதல் நூலைப் படிக்காத என் நண்பருக்கும் இது நல்ல கதையாகத்தான் இருந்தது. ஆனால் கதை முழுக்க ஓடும் அந்தச் சோகம் அவருக்குத் தட்டுப்படவே இல்லை. அடித்துச் சொல்கிறேன், வெளியான வரிசையில் படியுங்கள்.

* * *

மறுபடி நான்தான், முதலில் எழுதியவன். எல்லாம் படித்து முடித்த பிறகு ‘ப்ரிலூ’டை இரண்டாம் முறை எடுத்தேன். முடிவில் அதிர்ச்சி இல்லை, அது போனது போனதுதான். ஆனால் அந்த ஆள் யாரென்று தெரிந்து படித்ததில், முதல் சந்திப்பிலிருந்தே அவர் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் இன்னொன்று ஓடியது. அதன் பிறகுதான் அசிமோவின் அடுத்த முன்கதையான ‘ஃபார்வர்ட் த ஃபவுண்டேஷ’னைத் தொட்டேன். செல்டனின் 40 வயதில் தொடங்கி, பத்துப் பத்து வருஷமாகத் தாண்டி, ஒவ்வொருவராக இழந்துகொண்டே போகும் கதை. அசிமோவ் 1992 ஏப்ரலில் இறந்தார், நூல் 1993ல் வந்தது. கடைசிப் பக்கத்தில் செல்டனுக்கு 81. அதை முடித்த கையோடு 1951 நூலின் முதல் பகுதியைத் திறந்தேன். அங்கே அந்தக் கிழவர் தன் மேல் நடக்கும் விசாரணையில் அமைதியாக, சற்றுத் திமிராகக்கூடப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் அவர் யார் யாரைப் பறிகொடுத்திருந்தார் என்பது அதை எழுதியபோது அசிமோவுக்கே தெரியாது.