ஜிக்ரிகள் பற்றிய தமிழ்க் கட்டுரைக்கு உதவி தேவை

பாகிஸ்தானில், பலுச்சிஸ்தானின் மக்ரான் பகுதியில் வாழும் ஜிக்ரி என்ற சிறுபான்மைச் சமயப் பிரிவைச் சேர்ந்த பலூச்சிகளைப் பற்றித் தமிழில் ஒரு விரிவான கட்டுரை தயாராகிறது. பாரசீகமோ உருதுவோ சரளமாகப் படிப்பவர்கள் அவசரமாகத் தேவை.

சிக்கல் 18ஆம் நூற்றாண்டில்தான். பலூச் அரசான கலாத்தின் ஆட்சியாளர் முதலாம் நசீர் கான் (1749–1794) மக்ரானில் ஜிக்ரிகளான கிச்கி குல ஆட்சியாளர்கள் மீது படையெடுத்தார். கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் வென்றவர் தரப்புக் குறிப்பு. அடிபட்டவர்களின் குரல் அதில் இல்லை. ஜிக்ரி தரப்புக் கையெழுத்துப் பிரதி, வாய்மொழிப் பாடல் எது இருந்தாலும் அனுப்புங்கள். ஓரக்குறிப்பும் விழும்படி முழுப் பக்கத்தையும் 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஹிஜ்ரி தேதியை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். மாதம் தெரியாமல் மாற்றினால் ஓராண்டு பிசகும்.

ஜிக்ரிகளைப் போலவே ஐதராபாத் மஹ்தவிகளும் ஜௌன்பூர் சையத் முகம்மதை மஹ்தியாக (இறுதிக் காலத்தில் வருவார் என முஸ்லிம்கள் நம்பும் வழிகாட்டியாக) ஏற்பவர்கள்தான். ஆனால் அவர்கள் ஐவேளை தொழுகிறார்கள். ஜிக்ரிகள் ஜிக்ர்கானா எனும் தங்கள் வழிபாட்டிடத்தில் கூடி ஜிக்ர் (இறைவனை நினைந்து ஓதும் துதி) ஓதுகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள்.

மக்ரானின் துர்பத் அருகே, ஜிக்ரிகளின் புனிதக் குன்றான கோஹ்-இ-முராதில் ரமலான் 27ஆம் இரவுக் கூட்டத்தின் படங்கள் இருந்தால், முகம் தெரியாதவற்றை மட்டும், இருப்பிடத் தகவலை அழித்துவிட்டு அனுப்புங்கள். 2014 ஆகஸ்டில் பலுச்சிஸ்தானின் ஆவாரானில் ஜிக்ர்கானாவில் இருந்தவர்களையே சுட்டுக் கொன்றார்கள். ஒரு படத்தால் யாருக்கும் ஆபத்து வரக்கூடாது.